தனிவழிக்குத் துணை

கொழும்பிலே புதுக்கடை என்றதும் நீதிமன்றங்களே நினைவுக்கு வரும். வழக்காளிகளும் வழக்கறிஞர்களும் நிறைந்த அவ்விடத்திலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் கொட்டாஞ்சேனை. சைவக் கோயில்களும் சாந்த லூசியா பேராலயமும் தீபதுத்தாராம விகாரையும் அண்மையண்மையாக நிற்கும் அப்பகுதியில், 1898 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் விக்டர் இம்மானுவேல் பெரேரா புள்ளே என்பார் பிறந்தார். ‘புள்ளே’ என்பது ‘பிள்ளை’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு. கொழும்புச் செட்டிமார் குடும்பங்களில் வழங்கிவரும் பெயரீறு. கொட்டாஞ்சேனை சாந்த பெனடிக்ற் கல்லூரியிற் கற்ற இவர், பிற்காலத்திலே சோம தேரர் என்னும் பெயரோடு பௌத்த உலகில் நன்கு அறியப்பட்டார். சதிபட்டான சூத்திரத்தையும் அதன் பாளி உரையையும் ஆங்கிலத்திலே தந்தவர் இவர்.

சதிபட்டானம் என்பது நினைவை நிலைநிறுத்துதல். மச்சிம நிகாயத்தின் பத்தாவது சூத்திரமாக இது அமைந்துள்ளது. குரு நாட்டிலே, கம்மாசதம்மம் என்னும் ஊரில், புத்தர் பெருமான் பிக்குமார்க்கு இதனை உபதேசித்தார் என்பது வரலாறு. உடல், நுகர்வு, சித்தம், தருமங்கள் என்னும் நான்கையும் இடையறாது நோக்கியிருக்கும் பயிற்சியை இது கூறுகிறது. உள்ளே செல்லும் மூச்சையும் வெளியே செல்லும் மூச்சையும் அறிவதிலே பயிற்சி தொடங்குகிறது. இவ்வழியைச் சூத்திரம் ‘ஏகாயனம்’ என்கிறது. இச்சொல்லுக்கு உரைகாரர் கூறும் பொருள்கள் பல. கூட்டத்தை விட்டு நீங்கி ஒருவன் தனியே செல்லவேண்டிய வழி என்பது அவற்றுள் ஒன்று.

தனியே செல்லவேண்டிய வழிக்குத் துணை எதற்கு? இச்சூத்திரம் கற்கப்பட்டு வந்த வரலாறே இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

உரைகாரர் புத்தகோசர் 5 ஆம் நூற்றாண்டினர். அநுராதபுரத்து மகாவிகாரையிலே பேணப்பட்ட பழைய சிங்கள உரைகளைப் பாளியில் ஆக்கியவர். மச்சிம நிகாய உரையின் முடிவிலே அவர் ஒரு நன்றியுரை எழுதியுள்ளார். முன்னர் மயூரசுத்தபட்டினத்திலே தம்முடன் உறைந்த புத்தமித்திரர் என்னும் தேரர் வேண்டிக்கொண்டதனாலேயே அவ்வுரையை இயற்றியதாக அதிற் கூறுகிறார். அப்பட்டினம் தமிழகத்தைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். மயிலாப்பூரே அது என்பாரும் உளர். அங்குத்தர நிகாய உரையின் முடிவிலே, காஞ்சிபுரத்திலும் பிறவிடங்களிலும் தம்முடன் உறைந்த சோதிபாலரை நினைவுகூர்கிறார். தனிவழி என்று பொருள் உரைத்தவரின் நூலே, தமிழ்நாட்டில் உடனுறைந்து கற்ற நண்பர்களின் வேண்டுகோளாற் பிறந்திருக்கிறது.

அவ்வுரையிலே நெஞ்சை உலுக்கும் கதை ஒன்று உண்டு. முப்பது பிக்குமார் காட்டு விகாரையொன்றிலே மாரிகாலத்தைக் கழிக்கச் சென்றனர். இரவின் மூன்று யாமமும் தியானத்திற் கழிப்பதென்றும், ஒருவர் மற்றொருவரிடம் செல்வதில்லையென்றும் உடன்பாடு செய்துகொண்டனர். விடியற்காலையிற் கண்ணயர்ந்த பிக்குமாரை ஒரு புலி வந்து ஒவ்வொருவராகக் கவர்ந்து சென்றது. உடன்பாட்டை மீற மனமின்றி ஒருவரும் குரல் எழுப்பவில்லை. பதினைவர் இவ்வாறு மறைந்தபின், உபோசத நாளிலே கூடியபோதுதான், மற்றையோர் எங்கே என்ற வினா எழுந்தது. அன்றே உடன்பாடு திருத்தப்பட்டது. இனிப் புலி பிடித்தால் பிடிபட்டவர் குரல் கொடுக்கவேண்டும் என்று தீர்மானித்தனர். அடுத்து ஓர் இளம் பிக்கு பிடிபட்டுக் குரல் கொடுத்தபோது, ஏனையோர் தடியும் பந்தமும் ஏந்திப் பின்தொடர்ந்தனர். அவரை மீட்க அவர்களால் இயலவில்லை. ஆயினும் அவர், புலியின் வாயிலும் நோவை நோவாக நோக்கி முத்தியடைந்தார் என்று கதை முடிகிறது. அந்த நோக்கு அவர் தாமே செய்தது; அதில் எவரும் பங்குகொள்ள இயலாது. எனினும், ஒருவருக்கொருவர் வினாவாத மௌனம் பதினைந்து உயிரைக் கொண்டது என்பதையும் உரை மறைக்கவில்லை.

விநயநூலும் இதனையே வேறு வகையாகக் கூறுகிறது. கோசல நாட்டிலே சில பிக்குமார் பிணக்கு நேராதிருக்க, மாரிகாலம் முழுவதும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். அது விலங்குகள் உடனிருப்பதை ஒக்கும் என்று புத்தர் கடிந்து, அவ்விரதத்தை விலக்கினார். அதற்கு மாறாக ஏற்பட்டதே பவாரணை. மூன்று மாத வஸ் காலத்தின் முடிவில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன்னே, தம்மிடத்தே கண்ட குற்றமோ கேட்ட குற்றமோ ஐயுற்ற குற்றமோ உண்டாயின் எடுத்துரைக்குமாறு வேண்டுவார்.

கொட்டாஞ்சேனை இளைஞரின் வாழ்க்கையும் இத்தகைய துணையாலேயே அமைந்தது. 1921 ஆம் ஆண்டு கொழும்பிலே தோன்றிய ‘புத்தரின் ஊழியர்’ சங்கம் பம்பலப்பிட்டி மைத்திரி மண்டபத்திற் கூடித் தருமத்தை ஆராய்ந்துவந்தது. வைத்தியர் கசியஸ் பெரேரா அதன் தலைவராய் இருந்தார். ஆங்கிலங் கற்ற இல்லறத்தார் விகாரைக்கு வெளியே கூடி வினாவி விடைதேட அங்கே இடமிருந்தது. புள்ளே அக்காலத்துப் பௌத்த ஆர்வலரோடு பழகி, பிரெலிஸ் என்னும் நண்பரோடு 1930களின் நடுவிலே ஜப்பான் சென்றார். விமுத்திமக்கம் என்னும் தியான நூல் சீன மொழிபெயர்ப்பிலே எஞ்சியிருந்தது. அதனை எஹாரா என்னும் ஜப்பானியப் பேராசிரியரோடு கூடி அவ்விருவரும் ஆங்கிலத்தில் ஆக்கினர். 1936 ஆம் ஆண்டு நவம்பரிலே பர்மாவின் மௌல்மீன் நகரில் இருவரும் துறவு பூண்டு, சோமரும் கேமிந்தரும் ஆயினர்.

இலங்கை திரும்பியபின் அவர்கள் தொடந்துவைக்கு அண்மையிலுள்ள பொல்கஸ்தூவ என்னும் சிறு தீவில் தங்கினர். அத்தீவாச்சிரமத்தை 1911 ஆம் ஆண்டு நிறுவியவர் ஜெர்மானியரான ஞானதிலோக்க தேரர். அவருடைய மாணவர் ஞானபோனிக்க தேரரும் அவர்களுக்குத் தோழரானார். 1939 ஆம் ஆண்டு போர் மூண்டதும் ஜெர்மானியத் துறவிகள் சிறைவைக்கப்பட்டுப் பின்னர் இந்தியாவிலுள்ள தேராதூன் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். சோமரின் சதிபட்டான மொழிபெயர்ப்பு 1941 ஆம் ஆண்டு வெளிவந்தது. ஞானபோனிக்கர் முகாமிலும் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடவில்லை; அதே சூத்திரத்தை விளக்கும் அவரது ஆங்கில நூல் 1954 ஆம் ஆண்டு வந்தது. உலகப்போர் பிரித்த தோழர்களை ஒரே சூத்திரம் இணைத்திருந்தது.

சோமர் தம் பிற்கால வாழ்வின் பெரும்பகுதியை வெள்ளவத்தையை அடுத்த பம்பலப்பிட்டி வஜிராராமத்திற் கழித்து, 1960 ஆம் ஆண்டு மறைந்தார். ஜப்பானிலே மூவருங் கூடி மொழிபெயர்த்த விமுத்திமக்கம், அவர் மறைந்த மறு ஆண்டிலே, மூவர் பெயரும் தாங்கிக் கொழும்பில் அச்சாகியது.

மூச்சை அறிவது அவரவர் தாமே செய்யவேண்டிய செயல். அதைப் பிறர் செய்து தர இயலாது. ஆனால் அறிந்தது சரியோ என்று கேட்பதற்கும், புலி வந்தபோது குரல் கொடுப்பதற்கும் பிறர் வேண்டும். புதுக்கடை மன்றங்களிலே மனிதர் பிறர் குற்றத்தை நிலைநாட்ட நிற்கின்றனர். பவாரணை மன்றத்திலோ, தம் குற்றத்தை எடுத்துரைக்குமாறு பிறரை வேண்டி நிற்கின்றனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சூத்திரம் மொழியும் நாடும் கடந்து கைமாறி வந்ததற்கு, அந்த வேண்டுகோள் ஒரு முக்கிய காரணமாகும்.