தமகோச்சிக்குச் சட்டை மாத்துன கதை

90-களின் கடைசியில் மதுரையில வளர்ந்தவங்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். சாவிக்கொத்தில் தொங்குற முட்டை வடிவ பொம்மை. சின்னத் திரை, மூணு பட்டன். உள்ளே ஒரு குஞ்சு. நேரத்துக்குச் சோறு போடணும், கக்கா அள்ளணும், ஊசி போடணும். மறந்தா செத்துப் போயிரும்.

ஜப்பானின் பண்டாய் நிறுவனம் 1996 நவம்பர் 23 அன்று இதை விற்பனைக்கு விட்டது. பேர் தமகோச்சி. தமகோ-ன்னா ஜப்பானிய மொழியில் முட்டை. உருவாக்கிய அகிஹிரோ யோகோய், அகி மைதா இருவருக்கும் 1997-ல் பொருளாதாரத்துக்கான 'இக் நோபல்' என்ற கிண்டல் பரிசு கிடைத்தது. லட்சக்கணக்கான மணி நேர மனித உழைப்பை இல்லாத பிராணியை வளர்க்கத் திருப்பிவிட்டதற்காக!

உள்ளே இருந்த சர்க்யூட் ஒண்ணுதான், வெளி ஓடுதான் கலர் கலரா வந்தது. ஆனாலும் ஜப்பானில் வெள்ளை ஓட்டுக்குத்தான் அடிதடி. அப்புறம் ஓட்டைக் கழட்டி மாத்தணும்னு பிள்ளைகளுக்குத் தோணாம இருக்குமா?

நமக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் சீன நகல்தான். தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில எனக்குச் சாம்பல் கலர், அக்காவுக்கு ரோஸ். ஒரு வாரத்துக்கு ஓட்டை மாத்திக்கலாம்னு ஒப்பந்தம். அப்பாவோட சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பின்பக்க ஸ்க்ரூவைக் கழட்டி, பேட்டரியை எடுத்து, போர்டைப் பிரிச்சு மாத்தினோம். பேட்டரியை எடுத்தா நினைவகம் அழிஞ்சிரும்னு யாருக்குத் தெரியும்? திரும்பப் போட்டா வெறும் முட்டை. பதினோரு நாள் வளர்த்த குஞ்சைக் கொன்னுட்டேன்னு அக்கா பேசவே இல்ல.

ஸ்க்ரூ ஒண்ணு தொலைஞ்சு போச்சு. ரப்பர் பேண்டு போட்டு ஓட்டினோம்.

1998-ல் வந்த நோக்கியா 5110, 2000-ல் வந்த 3310, ரெண்டுக்கும் மேலோட்டை விரலாலேயே கழட்டி மாத்தலாம். ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். டவுன் ஹால் ரோட்டுலயும் மீனாட்சி பஜார்லயும் சரம் சரமா 'பேனல்' தொங்கவிட்டு வித்தாய்ங்க. ஓடு மாத்துற ஆசை பொம்மையில இருந்து போனுக்குப் போயிருச்சு.

போனுக்குத் தேவைப்படாத ஸ்க்ரூ பொம்மைக்கு மட்டும் ஏன்? எனக்கு அது மருத்துவம் படிச்ச பிறகுதான் உறைச்சது.

முதல் தமகோச்சியில் எல்ஆர்44 என்ற குட்டி பட்டன் பேட்டரி ரெண்டு. 2004-ல் மறுபடி வந்த தமகோச்சியில் சிஆர்2032. 20 மி.மீ. அகலம், 3 வோல்ட். குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ள ஏத்த அளவு. பலரும் நினைக்கிற மாதிரி உள்ளே இருக்கும் ரசாயனம் கசிஞ்சுதான் புண்ணாகுதுன்னு இல்ல. ஈரமான திசு பட்டதும் மின்சாரம் பாயும். பேட்டரியின் எதிர்முனைப் பக்கம் கடுங்காரம் உருவாகி, ரெண்டே மணி நேரத்தில் குழாயை அரிக்க ஆரம்பிச்சிரும். பொம்மையை ஓட்ட முடியாத 'செத்த' பேட்டரிக்கும் அந்த அளவு சக்தி மிச்சம் இருக்கும். எக்ஸ்ரேயில் காசு மாதிரித் தெரியும். விளிம்பில் இரட்டை வளையம் இருக்கான்னு உத்துப் பார்ப்போம்.

எல்ஆர்44 சிறுசு, பெரும்பாலும் வயித்துக்குள் இறங்கிரும். ஆனா மூக்குல திணிச்சா நடுச்சுவரையே ஓட்டை போட்டுரும்.

அமெரிக்காவில் 2020-ல் பட்டன் பேட்டரி விழுங்கிய ஒன்றரை வயசுக் குழந்தை இறந்துபோச்சு. அதன் பேரிலேயே 2022-ல் 'ரீஸ் சட்டம்' வந்தது: பொம்மை அல்லாத வீட்டுச் சாமான்களிலும் பேட்டரி மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்யணும். பொம்மைகளுக்கு அந்த விதி முன்னாடியே இருந்தது. நம்ம நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம்.

குழந்தை பேட்டரியை விழுங்கியிருக்கும்னு சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே, எண்டோஸ்கோபி வசதி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஒரு வயசு தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், முழுங்க முடியுதுன்னா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒருமுறை ரெண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. தேன் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. வேற சாப்பாடு, தண்ணி வேண்டாம்.

போன மாசம் அக்கா பரண்ல இருந்து அந்த ரோஸ் பொம்மையை எடுத்துட்டு வந்தா. ரப்பர் பேண்டு இத்துப்போய் ஒட்டியிருந்தது. உள்ளே பேட்டரி ஒண்ணுதான் இருந்தது.