வரியின் விளிம்பில் சொல்

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சார்ந்த திருக்குர்ஆன் தோற்சுவடிகளில் புள்ளிகள் அரிதாக இருப்பதையும் உயிர்க்குறிகள் இல்லாமையையும் பலரும் அறிவர். அவற்றில் வரியின் இறுதியில் இடம் போதாதபோது சொல் இரண்டாக முறிக்கப்பட்டிருப்பதை அறிந்தோர் சிலரே. பாரிஸ் தேசிய நூலகத்திலும் புனித பீட்டர்ஸ்பர்க் நூலகத்திலும் பிரிந்து கிடக்கும் பழஞ்சுவடியில் ஐந்து எழுத்தர்களின் கையெழுத்தை ஆய்வாளர் ஃபிரான்சுவா தெரோஷ் இனங்கண்டார். அச்சுவடியிலும் இம்முறிப்பு இயல்பாகக் காணப்படுகிறது. முறிந்த இடத்தில் எந்தக் குறியும் இடப்படவில்லை.

இது கவனக்குறைவு அன்று. அரபியில் அலிஃப், தால், ஃதால், ரா, ஸாய், வாவ் ஆகிய ஆறு எழுத்துகளும் தமக்குப் பின்வரும் எழுத்தோடு இணைவதில்லை. ஆகவே 'ரஸூல்' என்னும் சொல் எழுத்துவடிவில் மூன்று துண்டுகளாகவே நிற்கும்: ரா தனியே, ஸீனும் வாவும் சேர்ந்து, பின் லாம் தனியே. அக்கால எழுத்தர் இத்துண்டுகளுக்கு இடையிலும் சொற்களுக்கு இடையிலும் ஏறத்தாழ ஒரே அளவு வெளி விட்டனர். அவர்தம் கண்ணுக்கு அலகாக அமைந்தது துண்டே, சொல்லன்று. இணைந்த எழுத்துகளை அவர்கள் பிரித்ததில்லை. இணையாத இடத்தில் வரி மாறுவது அவர்களுக்கு உறுத்தவுமில்லை. திருமறையை நெஞ்சில் சுமந்தோருக்கு ஏடு நினைவூட்டும் துணையாகவே இருந்தது என்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கவேண்டும்.

கூஃபி எழுத்து பின்தங்கி, வட்டமான நஸ்கு எழுத்து முஸ்ஹஃபுகளில் இடம்பெற்றபோது இவ்வழக்கம் மறைந்தது. ஹிஜ்ரி 391இல் பக்தாதில் இப்னுல் பவ்வாப் எழுதிய முஸ்ஹஃப் இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அத்தகைய பிரதிகளில் சொல்லே அலகாகிவிட்டது. வரியை நிறைக்க எழுத்தின் இணைப்புக்கோட்டை நீட்டினர். இடம் குறைந்தால் இறுதி எழுத்துகளை மேலே ஏற்றி எழுதினர். அரபி எழுத்தை ஏற்ற மொழிகளில் உய்குர் இதற்கு விலக்கு. உயிரொலிகளையெல்லாம் எழுதும் அம்மொழி இன்றும் வரி இறுதியில் சொல்லை முறிக்கிறது.

சொல் முறிவது நின்றபின், சொற்றொடர் முறிவதைக் குறித்த வினா எழுந்தது. அதை எழுப்பியோர் எழுத்தணிக் கலைஞர்கள் அல்லர், ஹதீஸ் கலை அறிஞர்கள். 'அப்து' என்பது ஒரு வரியின் கடைசியிலும் 'அல்லாஹ் இப்னு இன்னார்' என்பது அடுத்த வரியின் தொடக்கத்திலும் அமைந்தால், இரண்டாம் வரியைத் தனியே காணும் கண் எதைப் படிக்கும்? கருதவும் அஞ்சத்தக்க பொருளையன்றோ! இப்னு பத்தா (மறைவு ஹிஜ்ரி 387), கதீப் அல்பக்தாதீ (மறைவு 463) ஆகியோர் இதைக் கட்டாயம் தவிர்க்கவேண்டிய பிழையாகக் கருதினர். இப்னுஸ் ஸலாஹ் (மறைவு 643) இதை மக்ரூஹ் என்றார். 'ரஸூல்' ஒரு வரியிலும் 'அல்லாஹ்' மறுவரியிலும் பிரிவதற்கும் இதே தீர்ப்புத்தான்.

பின்வந்தோர் இன்னும் நுட்பமான சான்றொன்றைக் காட்டினர். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மகனைக் கொன்றவன் நரகத்தில் இருப்பான் என்று ஸுபைர் (ரலி) அவர்களின் கொலையாளியைக் குறித்து ஓர் அறிவிப்பு உண்டு. அரபித் தொடரமைப்பில் 'கொன்றவன்' என்னும் சொல்லே முதலில் வரும். அது வரியின் கடைசியில் தங்கிவிட்டால் அடுத்த வரி கொலையுண்ட நபித்தோழரையே நரகத்தில் சேர்த்துவிடும்! இங்கே புனிதப் பெயர் எதுவும் பிளவுபடவில்லை, எழுத்தும் பிழையற்றதே. பொருள் மட்டுமே புரண்டுவிடுகிறது. இவ்விடத்தில் அவ்வறிஞர்கள் வகுத்தது அழகியல் விதியன்று, மெய்ப்புத் திருத்துவோருக்கான விதி என்றே நான் கொள்கிறேன்.

கணினி அச்சுக்கோப்பில் இதே சிக்கல் வேறு வடிவில் திரும்பியது. 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் லியாங் என்பார் அளித்த ஆய்வேடு, டெக் மென்பொருளின் தானியங்கிச் சொல்முறிப்புக்கு அடிப்படையாயிற்று. சிறு எழுத்துக்கோவைகளின் இடையே எண்களைப் பொருத்துவது அம்முறை. ஒற்றைப்படை எண் முறிக்க இசைவு தரும், இரட்டைப்படை எண் தடுக்கும். ஏறத்தாழ 4,500 கோவைகளைக் கொண்டு, ஆங்கில அகராதியின் முறிவிடங்களில் 89 விழுக்காட்டை அது கண்டறிந்தது. ஆயினும் ஆங்கிலத்தில் 'ரெக்கார்டு' என்னும் சொல் பெயராயின் ஓரிடத்திலும், வினையாயின் வேறிடத்திலும் முறியவேண்டும். எழுத்து ஒன்றே, பொருளே வேறு. எழுத்தை மட்டும் காணும் பொறி இதைத் தீர்மானிக்க இயலாது. சொற்களை இட்டு, அவை எங்கெங்கே முறியும் எனப் பார்க்க அம்மென்பொருளில் தனிக்கட்டளை ஒன்றும் உண்டு.

தமிழில் விதி எளிது: புள்ளி எழுத்தில் வரி தொடங்கலாகாது. அவ்விதிக்குள் பொறி 'அப்துல்லாஹ்' என்பதை 'அப்துல்' என்றும் 'லாஹ்' என்றும் பிரிக்கும். அதனினும் கொடியது, இறைவனைக் குறிக்கும் 'அழிவில்லாதவன்' என்னும் சொல் 'அழிவில்' என்று வரியின் விளிம்பில் நின்றுவிடுவது. இலக்கண விதி எதுவும் மீறப்படவில்லை. இப்னு பத்தா அஞ்சியதோ நிகழ்ந்துவிட்டது.

இத்தகைய சொற்களை முறிக்கலாகாதவை எனப் பட்டியலிட்டுப் பொறிக்குக் கொடுக்கலாம். பெயருக்கும் அதை அடுத்த '(ஸல்)', '(ரலி)' ஆகியவற்றுக்கும் இடையே பிரியா இடைவெளி இடலாம். பட்டியலில் அடங்காதவற்றுக்கு, பக்கத்தின் இரு ஓரங்களையும் மேலிருந்து கீழாகத் தனியே ஒருமுறை படிப்பதே வழி. பத்தியில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் கீழுள்ள வரிகளெல்லாம் நகரக்கூடும் ஆதலால், இவ்வாசிப்பை ஏனைய திருத்தங்கள் யாவும் முடிந்த பின்னரே செய்யவேண்டும்.