பீட்டா கரோட்டின் மாத்திரையும் நுரையீரல் புற்றுநோயும்

முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி ஆகியவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. இவற்றை நிறைய உண்போரிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கண்டு, ஆய்வாளர்கள் பீட்டா கரோட்டினையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தனர். விளைவு தலைகீழ். பின்லாந்தில் 1985இல் தொடங்கி, 50–69 வயதுடைய, புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் உட்கொண்டோரிடம் இந்நோய் 18 விழுக்காடு கூடியது. அதே ஆய்வில் கொடுத்த வைட்டமின் ஈ மாத்திரையும் காக்கவில்லை. புகைப்போரையும் கல்நார்த் தொழிலாளரையும் சேர்த்து அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வில் (வைட்டமின் ஏயும் உடன் கொடுத்தார்கள்) 28 விழுக்காடு கூடவே, 1996 ஜனவரியில், 21 மாதம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். புகையின் சூழலில் பீட்டா கரோட்டின் சிதைந்து தீங்காகிறது என்பது ஒரு விளக்கம். பீடி, சிகரெட் பிடிப்போர் இம்மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கீரைக்கும் காய்க்கும் இந்தத் தடை இல்லை.