கிளாவரை எல்லையில் சக்கரமும் ரூபாயும்

கிளாவரை, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில் பழனி மலையின் மேற்குக் கோடியில் அமைந்துள்ள எல்லையோர மலைக் கிராமம் ஆகும். கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாக இவ்வூருக்குச் சாலை வருகிறது. இதற்கு மேற்கே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த கடவரி, கோவிலூர், வட்டவடை ஆகிய ஊர்கள் உள்ளன. அங்கும் பேச்சு தமிழே. இன்று இது இரு மாநிலங்களின் எல்லை மட்டுமே. 1949 வரை இது இரண்டு நாணயங்களின் எல்லையாகவும் இருந்தது. கிழக்கே பிரித்தானிய இந்தியாவின் ரூபாய், அணா, பை. மேற்கே திருவிதாங்கூர் அரசின் சக்கரம், காசு. கப்பலும் கடவுச்சீட்டும் இல்லாமல், நடந்தே வேறொரு நாணயத்துக்குள் நுழைய முடிந்த இடம் இது. வேற்று நாட்டில் செலவுப் பணத்தை நட்டமில்லாமல் கையாளுவது எப்படி என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

அரைச் சக்கரக் கணக்கு

திருவிதாங்கூர் வாய்பாட்டின்படி 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். ஆக, திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரித்தானிய ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும், அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். இரண்டுக்கும் பெயர் 'ரூபாய்' என்பதால் இந்த அரைச் சக்கரம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். பிரித்தானிய ரூபாயைக் கொடுத்து 28 சக்கரம் மட்டும் வாங்கிக்கொள்பவர் நூற்றுக்கு ஒன்றே முக்கால் பங்கை இழக்கிறார். இப்படிக் கழியும் தொகையைப் பழைய வணிகத் தமிழ் 'வட்டம்' என்றது.

திரும்பி வரும்போது என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருவர் 10 ரூபாயை எல்லைக்கு அப்பால் மாற்றி 280 சக்கரம் பெறுகிறார் என்று கொள்வோம். எதையும் செலவழிக்காமல், சரியான விலைக்கே அதை மீண்டும் ரூபாயாக்கினால் அவர் கைக்கு வருவது 9 ரூபாயும் 13 அணாவும் சில்லறையும்தான். ஏறத்தாழ மூன்று அணா போய்விட்டது. மாற்றுபவர் இரு முறையும் வட்டம் பிடித்தால் நட்டம் இரட்டிப்பாகும். எனவே தேவையான அளவுக்கு மட்டும் மாற்றுவதும், மாற்றியதை அங்கேயே செலவழித்துவிடுவதுமே சிக்கனமான வழி. பிரித்தானிய ரூபாய் திருவிதாங்கூரிலும் செல்லுபடியானதால், பெரிய தொகையை ரூபாயாகவே மடியில் வைத்துக்கொள்ள முடிந்தது.

சில்லறையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் அணாவுக்கு இருபத்தெட்டரைக் காசு. காசுதான் அங்கே மிகச் சிறிய நாணயம். அரைக் காசு என்று ஒன்று கிடையாது. ஆகவே ஓர் அணாவை மாற்றினால் அரைக் காசு கடைக்காரரிடமே தங்கிவிடும். இரண்டு அணாவாக மாற்றினால் கணக்கு 57 காசு, அதாவது 3 சக்கரம் 9 காசு என்று நேராக முடியும். இதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. அணாக்களில் கூலி வாங்கியவர்களுக்குக் காசும் பணம்தான்.

சக்கரத்தை எண்ணுவதும் எளிதாக இருக்கவில்லை. பழைய வெள்ளிச் சக்கரம் அரை கிராமுக்கும் குறைவான எடையுள்ள மிகச் சிறிய நாணயம். இதை எண்ண, குழிகள் வெட்டிய மரப்பலகையைப் பயன்படுத்தினர். நாணயங்களைப் பலகையின் மேல் கொட்டிப் பரப்பினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துகொள்ளும். மிஞ்சியதை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். வங்கி முகப்புகளில் இன்று ஓடும் எந்திரத்துக்கு இது மூத்தது.

கடல் தாண்டியவர்கள்

மலையைத் தாண்டியவர்களுக்கு இருந்த இதே கணக்கு கடலைத் தாண்டிய தமிழர்களுக்கும் இருந்தது. பர்மாவில், அது 1937இல் இந்தியாவிலிருந்து பிரிக்கப்படும் வரை, இந்திய ரூபாயே ஓடியது. மாற்ற வேண்டிய தேவையே இல்லை. இலங்கையில் ரூபாய் இருந்தாலும் 1872 முதல் அது 100 சதமாகப் பிரிக்கப்பட்டது. அங்கு ஓர் அணா ஆறேகால் சதம்.  மலாயாவில் நாணயமே வேறு. 1906இல் நீரிணை டாலரின் மதிப்பு 2 சில்லிங் 4 பென்சு என்று நிறுத்தப்பட்டது. அன்றைய ரூபாய் 1 சில்லிங் 4 பென்சு என்பதால் ஒரு டாலருக்கு ஒன்றே முக்கால் ரூபாய் கணக்கானது.

இங்கே நாட்டுக்கோட்டை நகரத்தாரின் உண்டி உதவியது. பினாங்கில் உள்ள செட்டியார் கடையில் பணத்தைக் கட்டி ஓலையோ சீட்டோ பெற்று, அதைச் செட்டிநாட்டில் காட்டிப் பணம் வாங்கலாம். கண்டவுடன் பணம் தரவேண்டியது தர்சன உண்டி. தவணை கழித்துத் தருவது தவணை உண்டி. நாணயம் கடலில் பயணப்படவில்லை, கணக்குதான் பயணப்பட்டது. களவு பயம் இல்லை, கப்பல் மூழ்கினாலும் முதல் மூழ்காது. பயணிகளுக்கு அமெரிக்கன் எக்சுபிரசு நிறுவனம் 1891இல் பயணக் காசோலையைக் கொண்டுவந்தபோது, இதன் அடிப்படையைத் தமிழ் வணிகர் முன்பே அறிந்திருந்தனர்.

விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இந்தியருக்குத் தேர்வு செய்யவே இடமில்லாமல் போனது. 8 டாலருடன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறியதை அக்காலத்து மாணவர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 2000 சூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு நிலைமை தளர்ந்தது. இன்று வங்கி அட்டைகள் பல, வெளிநாட்டுச் செலவுக்கு 2 முதல் 3.5 விழுக்காடு வரை கூடுதலாகப் பிடிக்கின்றன. வெளிநாட்டுக் கடையில் அட்டையை நீட்டும்போது 'ரூபாயிலேயே செலுத்துகிறீர்களா' என்று எந்திரம் கேட்பதுண்டு. அன்பான கேள்வி போலத் தோன்றும். ஆனால் அப்போது மாற்று விலையைக் கடைத்தரப்பு நிர்ணயிக்கிறது. அது பெரும்பாலும் பயணிக்குப் பாதகமானது. அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுப்பது மலிவு. சில்லறைச் செலவுக்கு அடிக்கடி பணம் எடுப்பதைவிட ஒருமுறை போதுமான அளவு எடுப்பதும் மலிவு, ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் இருந்தால்.

திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 சூலை 1 அன்று இணைந்தன. அவ்வாண்டோடு சக்கரத்தின் காலம் முடிந்தது. திருவிதாங்கூரின் தென்பகுதியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. வட்டவடை கேரளத்திலேயே நின்றது. 1957 ஏப்ரல் 1 முதல் அணாவும் போய் நயா பைசா வந்தது. எட்டே ஆண்டுகளில் சக்கரம், அணா, நயா பைசா என்று மூன்று வாய்பாடுகளைக் கற்க வேண்டியிருந்த நாகர்கோவில் பகுதி மக்கள், 'இருபத்தெட்டரைச் சக்கரம்' என்பதை நெடுங்காலம் மறக்கவில்லை.