கட்சி மாறிய கால்கள்

"உனக்குப் பிடித்த எதையாவது எழுது, ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம், அதைப் பற்றி ஏற்கெனவே ஆறு கட்டுரை வந்துவிட்டது" என்று மலர்க் குழுவினர் கட்டளையிட்டு விட்டார்கள். ஆகவே சாம்பாருக்கு அடுத்தபடியாக நாம் ஹாஸ்டலில் அதிகம் சண்டை போட்ட விஷயத்துக்கு வருகிறேன். கால்பந்துதான்! அதிலும் சீசன் முடிந்ததும் "யார் எந்த டீமுக்குப் போறான்?" என்று விடிய விடிய நடக்குமே, அந்தச் சர்ச்சை.

என் ஊர் பள்ளிப்பட்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "அது ஆந்திராவா, தமிழ்நாடாடா?" என்று நாலு வருஷம் கிண்டல் செய்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போயின. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ம் தேதி செங்கல்பட்டு மாவட்டத்தோடு இணைந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தோம். அதாவது, எங்கள் ஊரே ஒருமுறை டிரான்ஸ்ஃபர் ஆன ஊர்! இன்றும் டீக்கடையில் பாதிப் பேச்சு தமிழில், பாதி தெலுங்கில்.

அந்த டீக்கடைப் பெஞ்சில் கால்பந்துப் பேச்சும் உண்டு. ஐ.எஸ்.எல். போட்டி 2014-ல் ஆரம்பித்த பிறகு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. இளவட்டங்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டு, "அவன் கொல்கத்தா போறானாம், இவன் கோவா போறானாம்" என்று வதந்திகளை அடுக்கும்போது, பெரியவர் ஒருவர் வழக்கமாக ஒரு தீர்ப்பு சொல்வார்: "எல்லாம் காசுக்கு ஓடுறானுங்கப்பா. அந்தக் காலத்துல ஒரு கிளப்புன்னா சாகிற வரைக்கும் ஒரே கிளப்புதான்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையா என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

முதலில் கொல்கத்தா. முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றது. அதற்கு முன் எந்த இந்திய கிளப்பும் அந்த லீக்கை ஒருமுறைகூட வென்றதில்லை. உள்ளூர் ஆட்களை மட்டும் வைத்து அவர்கள் அதைச் சாதிக்கவில்லை. பெங்களூர் உட்பட நாட்டின் பல ஊர்களிலிருந்து ஆள் தேடிக் கொண்டு வந்தார்கள். அந்த அணியின் முகமது சலீம் 1936-ல் ஸ்காட்லாந்து போய், செல்டிக் கிளப்புக்காக வெறுங்காலில் இரண்டு ஆட்டம் ஆடினார். தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே நம் ஆள் 'ஃபாரின் டிரான்ஸ்ஃபர்' பார்த்துவிட்டார்!

அடுத்து ஈஸ்ட் பெங்கால். 1949 வாக்கில் அந்த அணியின் முன்வரிசையைப் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐந்து பேர்தான் அவர்கள். ஐந்து பேருமே தெற்கிலிருந்து போனவர்கள், ஒருவர்கூட வங்காளி இல்லை. 1949, 50, 51 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அவர்கள் கைக்கு வந்தது. இதில் தன்ராஜும் அகமது கானும் 1948 லண்டன் ஒலிம்பிக் அணியில் ஆடியவர்கள். அதே அணியில் இருந்த சாரங்கபாணி ராமன்தான் பிரான்ஸுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தார். நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடிய அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 2-1 என்று தோற்றோம்.

கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை எடுத்துக்கொள்ளுங்கள். செகந்திராபாத்தில் ஆட ஆரம்பித்து, மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, பிறகு கொல்கத்தா போனார். அங்கே முகமதன், மோகன் பாகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும், தங்கம் வென்ற 1962 ஜகார்த்தா அணியிலும் அவர் உண்டு. இன்று யாராவது அவரைக் கட்சி மாறி என்கிறார்களா? மேதை என்றுதானே சொல்கிறார்கள்!

"சரி, மாறாதவர்களே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தார்கள். சைலேன் மன்னா 1942 முதல் சுமார் பத்தொன்பது வருஷம் மோகன் பாகானில் ஆடினார். சுனி கோஸ்வாமி 1968-ல் ஓய்வு பெறும் வரை அந்த ஒரே கிளப்புதான். பி.கே. பானர்ஜி கடைசிவரை ஈஸ்டர்ன் ரயில்வே. மூவரும் வணங்கத்தக்கவர்கள், சந்தேகமில்லை. ஆனால் பொறியாளன் புத்தி, கணக்கையும் பார்க்கச் சொல்கிறது. மன்னாவுக்கு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை, சுனிக்கு ஸ்டேட் பாங்க், பி.கே.வுக்கு ரயில்வே. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் இடம் ஒன்று இருந்தது. ஒரே கிளப்பில் நிற்கிற விசுவாசத்துக்கு அந்தச் சம்பளமும் ஒரு தூண். வேலை இல்லாத ஏழைப் பையனிடம் அதே விசுவாசத்தைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

ஐ.எம். விஜயனின் கதை இதற்குச் சரியான உதாரணம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், 1987-ல் கேரள போலீஸ் அணிக்கு வந்தான். அந்த அணி 1990, 1991 இரண்டு வருஷமும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. உடனே கொல்கத்தா கிளப்புகள் மோப்பம் பிடித்துவிட்டன. விஜயன் 1991-ல் மோகன் பாகான் போனார். அங்கே அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபர் சீசன் ஒரு திருவிழா, கொஞ்சம் துப்பறியும் கதையும்கூட. கையெழுத்துப் போடும் நாள் வரை ஆட்டக்காரரை எதிர் கிளப்பின் கண்ணில் படாமல் ஹோட்டலிலோ நிர்வாகி வீட்டிலோ வைத்திருப்பார்களாம். ஐ.எஃப்.ஏ. ஆபீஸ் வாசலில் ரசிகர் கூட்டம் நெரியுமாம். நம் டீக்கடை வதந்தி அதற்கு முன் எம்மாத்திரம்!

இதே கேரள போலீஸ் அணியின் வி.பி. சத்யன் கொல்கத்தா போய்விட்டு, 1995-ல் சென்னைக்கு வந்து இந்தியன் பாங்க் அணியில் சேர்ந்தார். அந்த வருஷக் கடைசியில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா கால்பந்துத் தங்கம் வென்றபோது அவர்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்துக்கு எதிராக ஒரே ஒரு கோல். அதை அடித்தவர் நம் சபீர் பாஷா. நம்மூர் ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சிக்காக 10 கோல் அடித்து முதலிடம் பிடித்தார். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆளாகத் தண்ணீர் கொண்டு போனவர் பெயர் தெரிகிறது!

வெளிநாட்டிலும் ஆரம்பத்தில் ஆட்டக்காரன் அடிமைதான். இங்கிலாந்தில் 1893 முதலே, ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விட்டால்தான் வேறு இடம் போகலாம் என்று விதி. ஜார்ஜ் ஈஸ்தாம் கோர்ட்டுக்குப் போய் 1963-ல் அதைத் தளர்த்தினார். பெல்ஜியத்தின் போஸ்மான் 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகுதான், ஐரோப்பிய யூனியனுக்குள் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் பணப் பிணை இல்லாமல் கிளம்ப முடிந்தது. வழக்கு நடத்திய போஸ்மானுக்கோ ஆட்ட வாழ்க்கையே போயிற்று. இன்றைய கோடிகளுக்குப் பின்னால் அப்படி ஒருவர் இழந்தது இருக்கிறது.

கோடி என்றதும் எல்லோருக்கும் கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். எஃப்.சி. கொச்சி சில வருஷங்களிலேயே பணமில்லாமல் மூடிவிட்டது. எங்கள் பெஞ்சின் தெலுங்குப் பக்கம் தலையில் வைத்துக் கொண்டாடிய ஹைதராபாத் எஃப்.சி. 2021-22-ல் சாம்பியன். அடுத்த இரண்டு வருஷத்தில் சம்பள பாக்கி, ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக விலகல். 2025-ல் கிளப்பே டெல்லிக்குக் குடிபோய்விட்டது. "ஆட்டக்காரன் ஓடுறான்னு சொன்னீங்களே தாத்தா, இப்ப கிளப்பே ஓடிடுச்சே?" என்று ஒரு பையன் கேட்டதற்குப் பெரியவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப அவனுங்க மட்டும் என்ன பண்ணுவானுங்க, வயிறுன்னு ஒண்ணு இருக்கே" என்றார். அவர் தீர்ப்பை மாற்றி நான் கேட்டது அன்றுதான்.

நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் 2023-ல் ஒடிசாவை விட்டு ஈஸ்ட் பெங்கால் போனார். அந்த ஆகஸ்டிலேயே டூரண்ட் கோப்பையில் மோகன் பாகானுக்கு எதிராக அவர் அடித்த ஒரே கோலில், நாலு வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களுக்கு வெற்றி கிடைத்தது. ஒடிசாக்காரருக்கு வருத்தம் இருந்திருக்கும். வருத்தப்படுவது ரசிகனின் உரிமை, நானும் படுவேன். திட்டும் முன் அவன் வீட்டு அடுப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நண்பர்களே, நம் பேட்சில் படித்து முடித்த கம்பெனியிலேயே இன்றும் இருப்பவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். நாம் மாறினால் அதற்கு 'முன்னேற்றம்' என்று பெயர். முப்பத்தைந்து வயதில் முட்டி தேய்ந்து வேலை முடிந்துவிடும் என்று தெரிந்தவன் மாறினால் மட்டும் எப்படித் துரோகம் ஆகும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சீனியர்களில் நேரு ஸ்டேடியத்தில் இந்தியன் பாங்க், ஐ.சி.எஃப். ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். யார் எங்கிருந்து வந்தார், எப்படி ஆடினார், ஏன் போனார் என்று நினைவில் இருப்பதை அடுத்த மலருக்கு எழுதிக் கொடுங்கள். கொல்கத்தாக்காரன் தன் ஆட்டக்காரர்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறான். நம்மவர்களை நாம்தானே எழுத வேண்டும்?