தலைமாறும் தகுதியும்: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பணி ஏற்பாடு

தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளைக் கொடைப் பட்டியலாகப் படிப்பது நம் ஆய்வுலகில் வேரூன்றிவிட்ட வழக்கம். அரசன் எவ்வளவு கொடுத்தான், அக்கன் குந்தவை எதைக் கொடுத்தார், அக்கொடைகளின் வழியே அரசதிகாரம் எப்படி ஊர்களுக்குள் நுழைந்தது என்ற கேள்விகளே முன்னே வந்து நிற்கின்றன. பணியாளர் பற்றிய பகுதிகளுக்கு வரும்போது, பரம்பரைக் காணியுரிமையை உறுதிசெய்த சாசனங்கள் இவை என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். இந்த முடிவு கல்வெட்டின் வாசகத்தோடு பொருந்தவில்லை என்பதே என் வாதம். முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஐ ஒட்டி நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடுகளில் வேறொரு கவலை ஓடுகிறது. ஓர் ஆள் செத்தாலும் ஊரைவிட்டுப் போனாலும் மறுநாள் காலைப் பணி நிற்கக் கூடாது. நின்றால் யார் பொறுப்பு என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் 65ஆம் எண் கல்வெட்டே இங்கு முதன்மைச் சான்று. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர் என 50 பேர். ஒவ்வொருவருக்கும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். ஆண்டுக் கணக்கில் ஆளுக்கு ஏறத்தாழ 91 கலம். 66ஆம் எண் கல்வெட்டில் வரும் ஒரு பங்கின் மதிப்பான 100 கலத்துக்கு இது மிக அருகில் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஆயினும் என் வாதம் இந்தக் கணக்கை நம்பி நிற்கவில்லை. பெயர் வரிசைக்குப் பிறகு வரும் விதியை நம்பி நிற்கிறது.

அந்த விதிக்கு மூன்று படிகள். பணியாளர் இறந்தாலோ வேற்றூர் போனாலோ, அவருக்குத் தலைமாறாக, அதாவது மாற்றாளாக, அடுத்த முறை உறவினர் அந்த நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாட வேண்டும். அந்த உறவினர் தகுதியில்லாதவராக இருந்தால், தகுதியுள்ள வேறொருவரைப் பாடவைத்து நெல்லைப் பெற வேண்டும். அடுத்த உறவினரே இல்லையென்றால், அதே பணியில் இருக்கும் மற்றவர்கள் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்து அமர்த்த வேண்டும். அப்படி வருபவர் முன்னிருந்தவர் பெற்ற அளவிலேயே நெல் பெறுவார்.

சிக்கல் இரண்டாம் படியில் இருக்கிறது. காணியுரிமை வாதத்தார் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பாடுபவர் வேறு, நெல் பெறுபவர் வேறு என்றால் அந்த நெல் குடும்பச் சொத்துதானே, வேலை வெறும் சாக்குதானே என்பது அவர்கள் கேள்வி. வலுவான கேள்விதான். நெல்லின் மீது குடும்பத்துக்கு ஒரு பிடி இருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிடி எதற்குக் கட்டுப்பட்டது என்று பார்க்க வேண்டும். மகனுக்குப் பாடத் தெரியாவிட்டால் அவனையே நிற்கவைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று விதி எங்கும் இடம் தரவில்லை. பாடத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது அந்த உறவினரின் பொறுப்பு. அவருக்குக் கொடுக்க வேண்டியதும் இவர் பெறும் முக்குறுணியிலிருந்தே போக வேண்டும் என்றுதான் கொள்ள முடியும், ஏனெனில் கோயில் இரண்டாவது நெல் எதையும் அளப்பதாக வாசகத்தில் இல்லை. ஆகவே உறவினருக்குக் கிடைப்பது உரிமை என்பதைவிட ஒப்பந்தப் பொறுப்பு என்பதே சரியாக இருக்கும். ஆள் மாறும்போது வரும் செலவும் அலைச்சலும் பண்டாரத்தின் தலையில் விழாமல் குடும்பத்தின் தலையில் வைக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றாம் படி இந்த வாசிப்பை இன்னும் உறுதிசெய்கிறது. அந்த நெல் சொத்தாகவே கருதப்பட்டிருந்தால், வாரிசு இல்லாதபோது அது அரசனிடமோ பண்டாரத்திடமோ திரும்பியிருக்க வேண்டும். அல்லது எஞ்சியவர்கள் பங்கிட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் நடப்பதாக விதி சொல்லவில்லை. இடம் இடமாகவே இருக்கிறது, அதற்குரிய நெல் குறையாமல் இருக்கிறது, புது ஆள் வருகிறார். ஐம்பது ஐம்பதாகவே நீடிக்கிறது. அதிகாரிகளை விட்டுவிட்டு உடன் பாடுபவர்களிடம் தேர்வை ஒப்படைத்ததில்தான் இந்த ஏற்பாட்டின் கூர்மை தெரிகிறது. தகுதி என்றால் என்ன என்று கல்வெட்டு விளக்கவே இல்லை. 921ஆம் ஆண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு வாரிய உறுப்பினருக்கு 35 முதல் 70 வரை வயது, நிலம், வீடு, கல்வி என்று வரிசையாக எழுதிவைக்கிறது. இங்கே எதுவும் இல்லை. இதைக் குறையென்று சொல்வாருண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பண்ணும் பாடமும் அறிந்தவர்களுக்கே பாடுபவரின் தரம் தெரியும். அதை எழுத்தில் வரையறுக்க முயல்வது வீண்வேலை.

வரையறுக்க வேண்டிய இடத்தில் இதே நிர்வாகம் தயங்கவில்லை. 69ஆம் எண் கல்வெட்டில் பிரமதேய ஊர்ச் சபைகள் கோயிலுக்குப் பண்டாரிகள், மாணிகள், கணக்கர் ஆகியோரை அனுப்ப வேண்டும் என்று ஆணை இருக்கிறது. பண்டாரிகளாக வருபவர்கள் நிலம், உறவு, பொருள் ஆகியவற்றில் வளமுடையவர்களாக இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. பாடகரிடம் நிலம் கேட்கவில்லை, பண்டாரியிடம் குரல் கேட்கவில்லை. பாட்டில் பிழை வந்தால் உடனே காதில் விழும். பக்கத்தில் நிற்பவர் திருத்துவார். பண்டாரத்தில் பிழை வந்தால் ஆண்டுகள் கழித்தே தெரியும். அப்போது இழப்பை ஈடுகட்ட அந்த ஆளிடம் ஏதாவது இருந்தாக வேண்டும். எந்தப் பணியில் எந்த வகைக் கேடு நேரும் என்று எண்ணிப் பார்த்தே ஆள் தேர்வின் அளவுகோல் மாற்றப்பட்டிருக்கிறது. இந்த இரு கல்வெட்டுகளையும் தனித்தனியே படித்ததால்தான் இது கண்ணில் படாமல் போயிற்று.

66ஆம் எண் கல்வெட்டின் நீண்ட பட்டியலும் இதே கையால் ஆனதுதான். பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள், ஒவ்வொருவரும் எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் இருக்கிறார் என்ற குறிப்போடு பதியப்பட்டிருக்கிறார்கள். பழைய கோயில்களில் தேர்ந்தவர்களையே ஒருங்கே எடுத்துக்கொண்டது புதுக் கோயிலுக்கு ஆதாயம். அந்த ஊர்க் கோயில்கள் என்ன இழந்தன, அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்பதற்குக் கல்லில் ஓர் எழுத்தும் இல்லை. ஏற்பாட்டின் திறமையைப் பாராட்டும் நாம் இந்த மௌனத்தையும் சேர்த்தே பதிய வேண்டும்.

கொள்முதலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இத்துறையில் ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுள்ளது. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அதற்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய். ஆட்டைப் பெற்ற இடையரோடு அவர் உறவுமுறையாரும் அந்தக் கடமையில் கட்டுண்டிருந்தனர். காசு ஊர்ச் சபைகளிடம் பிரித்து வைக்கப்பட்டது. வட்டி காசுக்கு அரைக்கால், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஓர் ஊர் தவறினால் மொத்தமும் முழுகாது. பாடகர் விதியில் கண்ட அதே உத்திதான் இது: ஒருவர் தவறும்போது பொறுப்பேற்க அடுத்தவர் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறார்.

தரத்துக்கு வருவோம். நகைகளின் பதிவைச் சலிக்காமல் படித்தவர்கள் குறைவு. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் பதித்த நகைகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. முத்துகள் எந்த வகை, எவை வட்டம், எவை இரட்டை, வைரங்களில் எதில் பிளவு, எதில் புள்ளி என்பது வரை எழுதப்பட்டுள்ளது. எடையில் அரக்கும் பிஞ்சும் சேர்ந்திருக்கின்றனவா, சரடு நீக்கப்பட்டதா என்று ஒவ்வொரு நகைக்கும் குறிப்பு உண்டு. செப்புத் திருமேனிகளின் உயரம் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளக்கப்பட்டது. கொடுத்தவர் புகழ் பாடுவதே நோக்கமென்றால் வைரத்தின் பிளவை எவரும் கல்லில் வெட்டமாட்டார். அடுத்த பண்டாரி பொறுப்பேற்கும்போது நகை மாற்றப்படவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கவே இந்தக் குறிப்புகள் பயன்பட்டிருக்கும்.

இவை ஆணைகள்தான், நடைமுறைக்குச் சான்றில்லை என்ற மறுப்பு எழும். உண்மைதான், ஆனால் ஒரு திட்டம் எப்படி எண்ணப்பட்டது என்று கேட்பவருக்கு ஆணையே சான்று. பிற்காலத்தில் காணிகள் விற்கப்பட்டதைக் காட்டி 1014இன் விதிக்கும் அதே பொருள் கொள்வதோ காலமயக்கம். அதைப் பற்றி மேலும் பேசத் தேவையில்லை. திட்டமிடல் என்ற கருத்தை அக்காலத்தின் மேல் ஏற்றலாமா என்பதற்கும் என் விடை எளியது: மாற்று ஆளையும் அளவுகோலையும் முன்கூட்டியே எழுதிவைத்தவர்களின் செயலுக்குத் தமிழில் வேறு பெயர் இல்லை.

65, 66, 69 ஆகிய மூன்று கல்வெட்டுகளையும் ஒருசேர வைத்துப் படிக்காமல் தஞ்சைக் கோயில் பணியாளரின் காணியுரிமை பற்றி இனி முடிவு கூறுவது முறையாகாது.