அறிமுகக் கையெழுத்து

வங்கி விதியை வெறும் அதிகாரச் சொல்லாடல் என்று ஒதுக்கிவிட முடியாது. 1906 அக்டோபரில் சென்னையின் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போயிற்று. அந்த வீழ்ச்சியின் எதிர்வினையே 1907இல் தொடங்கிய இந்தியன் வங்கி. பாதுகாப்பு எளியவனின் தேவையும்கூட.

ஆனால், யாரை நம்புவது? அம்பத்தூர் தொழிற்பேட்டையை நம்பிக் கொரட்டூரில் வாடகைக்கு இருப்பவர்களை எண்ணிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்குள்ளவர் கையெழுத்துப் போடவேண்டும். ‘தெரிஞ்சவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாப்பா’ என்பார்கள். ஊரில் செல்வாக்குள்ளவனின் தயவு அது. 2002இல் ரிசர்வ் வங்கி ‘உங்கள் வாடிக்கையாளரை அறிக’ விதிகளை வகுத்ததும், ஆளின் இடத்தில் காகிதம் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித்தர மறுத்தால், வருஷக்கணக்காக இங்கே வாழ்கிறவனும் முகவரியற்றவனே.

2005இல் ரிசர்வ் வங்கியே இறங்கி வந்தது. இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டாத கணக்குகளுக்கு, முறையாகச் சரிபார்க்கப்பட்ட இன்னொரு வாடிக்கையாளரின் அறிமுகம் போதும் என்றது. காகிதம் கைவிட்ட இடத்தில் மறுபடி மனிதர். அவ்வாண்டு டிசம்பரிலேயே புதுச்சேரி மங்கலம் கிராமத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கிக் கணக்கு என்பதை இந்தியன் வங்கி எட்டியது.

இங்கு விதி ஒழியவில்லை. ஆபத்தின் அளவுக்குச் சுருங்கியது. நான் கேட்பதும் இதுதான்: ஆயிரங்களில் புழங்குகிறவனிடம் கோடிகளுக்கான கெடுபிடி எதற்கு?